வெளிநாட்டு வண்டிகள் பின்னால்

ஒஹையோ மாநிலத்துப் பென்ட்ரி ஊரில் வெர்லின் ஹோயிங்குக்கு இரண்டு வேலைகள். ஒன்று ஃபவுண்டரியில் இரண்டாவது ஷிஃப்ட். பிக்கப் வண்டிகளின் பின்அச்சு உட்காரும் இரும்புக் கூட்டை வார்ப்பது. அதற்குச் சம்பளம் உண்டு. இன்னொன்று யூனியன் கட்டடத்து வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வருகிற வண்டிகளைத் தரம் பிரிப்பது. அதற்குச் சம்பளம் கிடையாது. அதனாலோ என்னவோ அதைத்தான் உயிரைக் கொடுத்துச் செய்தார்.

'வெளிநாட்டு வண்டிகள் பின்னால்' என்று சிவப்புப் பெயின்டில் பலகை எழுதியதும் அவரே. முன்னால் தார் போட்ட இடம், உள்நாட்டுக் கம்பெனிப் பெயர் கொண்ட வண்டிகளுக்கு. பின்னால் சாக்கடை ஓரத்து ஜல்லித் தரை, மற்றவற்றுக்கு. ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் அந்தக் கட்டடத்தில் மீன் வறுவல் விருந்து நடக்கும், ஊரே வரும். பாதிரியாராகவே இருந்தாலும், ஜப்பான் கார் என்றால் கால்சட்டையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு ஜல்லியில் நடந்துதான் ஆக வேண்டும்.

அவருடைய மனைவி ரொவீனாவின் தங்கை ட்வைலா, அரை மணி தூரத்தில் இருந்த ஜப்பான் கம்பெனியின் கார் தொழிற்சாலையில் வேலை பார்த்தாள். அங்கே யூனியன் கிடையாது. வெர்லினைப் பொறுத்தவரை அது காரைவிடப் பெரிய குற்றம்.

"மாமா, ஆலங்கட்டி கொட்டுது. கையில சாலட் கிண்ணம் வேற. இன்னிக்கு ஒரு நாள் முன்னாடி விட்டுக்கறேனே?"

"காரை மாத்திட்டு வா. கம்பளம் விரிக்கறேன்."

"இந்தக் கார் நம்ம ஒஹையோவுல செஞ்சது மாமா. கதவை மாட்டினதே நான்தான். உங்க வண்டி எங்க செஞ்சதுன்னு கதவிடுக்குல ஸ்டிக்கர் இருக்கும், என்னிக்காவது படிச்சுப் பாத்தீங்களா?"

"பேரு நம்ம பேரு. அது போதும். பின்னாடி போ."

அவர் வண்டியின் கதவிடுக்கில் அந்த ஸ்டிக்கர் இருக்கத்தான் செய்தது. அதன் மேல் யூனியனின் வட்ட முத்திரையை ஒட்டி வைத்திருந்தார். அடியில் மெக்சிகோ என்று இருப்பது தெரிந்து ஒட்டினாரா, இடம் தோதாக இருந்தது என்று ஒட்டினாரா என்பதை ரொவீனாகூடக் கேட்டதில்லை.

ஈஸ்டர் முடிந்த கையோடு வெளிநாட்டிலிருந்து வரும் வண்டிகளுக்கு இறக்குமதி வரி வந்தது. அன்று வெர்லின் மொத்த ஷிஃப்டுக்கும் டோனட் வாங்கி வந்தார். இனி எல்லாவற்றையும் இங்கேதான் செய்தாக வேண்டும், ஃபவுண்டரிக்கு மூன்றாவது ஷிஃப்ட் வரும் என்று வாயில் சர்க்கரையோடு ஆரூடம் சொன்னார். கோடைக்குள் இரண்டாவது ஷிஃப்டை நிறுத்தினார்கள்.

"வரி அவங்களுக்குத்தானே?" என்று மேஸ்திரியிடம் போய் நின்றார். "நமக்கு எதுக்குப்பா நிறுத்தறீங்க?"

"நீ வார்க்கிற கூடு எங்க போகுதுன்னு நெனச்ச, சொர்க்கத்துக்கா? மெக்சிகோ போயி, வண்டிக்கு அடியில உக்காந்து, திரும்பி வருது. வர்ற வழியில வரி. வண்டி விக்கல, கூடு வேணாங்கறாங்க."

இலையுதிர் காலத்தில் முதல் ஷிஃப்டும் போயிற்று. கதவில் பூட்டுத் தொங்கியது. இதற்கிடையே வரி சொன்ன சொல்லைக் காப்பாற்றவும் செய்தது. வேலை ஊருக்கு வரத்தான் வந்தது: ஜப்பான் கம்பெனி வரிக்குப் பயந்து இன்னொரு மாடல் காரையும் ஒஹையோவிலேயே செய்ய முடிவெடுத்து, ஆள் எடுத்துக்கொண்டிருந்தது.

வெர்லின் அசையவில்லை. அங்கே கால் வைத்தால் யூனியனிலிருந்து பேரை நீக்கிவிடுவார்கள். வாசல் நாற்காலி அடுத்தவனுக்குப் போகும். ஐம்பத்தெட்டு வயதில், அந்த நாற்காலியில் இருந்தால்தான் தான் யார் என்று அவருக்கே தெரிந்தது. ஃபவுண்டரியில் திரும்பக் கூப்பிடுவார்கள் என்று தினமும் யூனியன் கட்டடத்துக்குப் போய்க் காலி வாசலைக் காவல் காத்தார்.

"நாற்காலியை வறுத்துத் திங்க முடியுமா?" என்றாள் ரொவீனா.

டிசம்பரில் ட்வைலாவின் சிபாரிசில் வெர்லின் ஜப்பான் கம்பெனியில் கதவு மாட்டும் வேலையில் சேர்ந்தார். நாற்காலியை டெல்பர்ட் என்ற சிஷ்யப்பிள்ளையிடம் ஒப்படைத்துவிட்டு வீட்டுக்கு வந்தவர், அன்று சாப்பிடவில்லை. அழுதார் என்று ரொவீனா பிற்பாடு தங்கையிடம் மட்டும் சொன்னாள்.

பிப்ரவரியில் அவருடைய பிக்கப் படுத்துவிட்டது. பின்அச்சுக் கூட்டில் விரிசல்.

"புதுசு கிடைக்கறதில்ல அண்ணே," என்றான் மெக்கானிக். "அதை வார்த்துக்கிட்டிருந்த ஃபவுண்டரியை மூடிட்டாங்களாம்."

"தெரியும்," என்றார் வெர்லின்.

ஆகவே அந்த வருடத்து மீன் வறுவலுக்கு ட்வைலாவின் காரில், மடியில் உருளைக்கிழங்கு சாலட்டோடு போக வேண்டியதாயிற்று. வெளியே மழையும் பனியுமாகக் கொட்டிக்கொண்டிருந்தது. டெல்பர்ட் வந்து கண்ணாடியைத் தட்டினான். உள்ளே இருப்பது யாரென்று பார்த்ததும் அவன் முகம் தொங்கிவிட்டது.

"அண்ணே... நீங்களா? முன்னாடியே விட்டுக்கோங்க. எல்லாம் காலியாத்தானே கெடக்கு."

"பலகையில என்ன எழுதியிருக்கு?"

"அது நீங்க எழுதினதுதானே..."

"அப்பறம் என்ன? பின்னாடி போ, ட்வைலா."

"மாமா, உங்களுக்குக் கிறுக்கா?" என்றாள் ட்வைலா. ஆனாலும் வண்டியைத் திருப்பினாள்.

பின்னால் இடமே இல்லை. ஜல்லி முழுக்க ஜப்பான் கார்கள். ஒன்றிரண்டில் புதுக் காருக்கு ஒட்டும் தற்காலிகப் பதிவு எண்ணின் தாள்கூட இன்னும் கிழிபடவில்லை. சாக்கடை ஓரத்தில் ஒரு சக்கரம் தொங்கலாக ட்வைலா நிறுத்த, வெர்லின் இறங்கினார். அவருக்கு முன்னால் குனிந்த தலைகளாக, கைகளில் கிண்ணங்களோடு, தடுக்கித் தடுக்கி ஒரு கூட்டம் நடந்துகொண்டிருந்தது. அதிலிருந்து ஒருவன் திரும்பிப் பார்த்தான். உலைக்குப் பக்கத்தில் பல வருடம் அவரோடு நின்றவன்.

"வெர்லின்! வாய்யா, வா. உன்னையத்தான் காணோம்னு பேசிக்கிட்டிருந்தோம்."

ஃபவுண்டரியின் இரண்டாவது ஷிஃப்ட் ஒருவன் பாக்கியில்லாமல் அந்தக் கூட்டத்தில் இருந்தது. வெர்லின் சாலட் கிண்ணத்தைக் கோட்டுக்குள் மறைத்துக்கொண்டு அவர்களோடு சேர்ந்து நடந்தார். முன்பக்கத்துத் தார்த் தரையில் ஒரு வண்டிகூட இல்லை. டெல்பர்ட் மட்டும் நாற்காலியில் நனைந்தபடி அதைக் காவல் காத்துக்கொண்டிருந்தான்.