வெள்ளி விழாவுக்குப் பூட்டிய கேட்

ஆட்சி நடத்துவது எப்படி என்று சொல்லித்தரும் அந்த மேற்படிப்புக் கல்லூரியில் அவளுக்குப் பொதுஜனம் என்று பெயர். தொழில் தையல். கல்லூரிக்குப் பின்தெருவில், அறுந்த பைக்கு ஜிப் வைப்பதும் பெருத்துப்போனவர்களின் சட்டையைப் பிரித்துத் தைப்பதுமாக அவள் பிழைப்பு ஓடியது. ஆனால் வருஷத்துக்கு ஒருமுறை அந்தப் படித்த பிள்ளைகளுக்கு அவள் தேவைப்பட்டாள்.

நாளைக்கு அதிகாரியாகப் போகிறவர்களுக்குத் திட்டு வாங்கிப் பழக்கம் வேண்டுமல்லவா? அதற்காக மாதிரிக் குறைகேட்புக் கூட்டம் என்று ஒன்று நடத்துவார்கள். மாணவர்கள் மேஜைக்குப் பின்னால் அதிகாரிகளாக உட்காருவார்கள். அக்கம்பக்கத்துக்காரர்கள் பொதுமக்களாக வந்து புகார் சொல்வார்கள். தண்ணீர் வரவில்லை, விளக்கு எரியவில்லை என்று ஆளுக்கொரு அட்டை கையில் கொடுக்கப்படும். மற்றவர்கள் அதைப் பார்த்து ஒப்பித்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். இவளோ வராத தண்ணீருக்காக நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்பாள். ஒரு தடவை அதிகாரியாக உட்கார்ந்திருந்த பெண் நிஜமாகவே அழுதுவிட்டாள். அன்றிலிருந்துதான் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

இந்த வருஷம் கல்லூரிக்கு வெள்ளி விழா. மாதிரிக் கூட்டமும் விழா மேடையிலேயே என்று ஏற்பாடு. புது இயக்குநர் வேறு. மனிதர் வந்த வேகத்தில் சுவருக்கெல்லாம் வெள்ளையடித்தார், பூந்தொட்டி வைத்தார், பாதுகாப்பு என்று சொல்லிப் பின்பக்கக் கேட்டை இழுத்துப் பூட்டினார். பழைய இயக்குநர் காலத்தில் பகலெல்லாம் திறந்து கிடந்த கேட் அது. பின்தெருக்காரர்கள் அதில் நுழைந்து, வளாகத்தைக் கடந்து, மெயின் ரோட்டுக்குப் போவார்கள். பக்கவாதம் வந்த வீட்டுக்காரரைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்து, எதிர்ச்சாரியில் இருக்கும் பிசியோதெரபிக்கு அவள் தள்ளிக்கொண்டு போனதும் அந்த வழியில்தான். இப்போது பாலத்துக்கு அடியில், நடைபாதையே இல்லாத ரோட்டில், லாரிகளுக்கு நடுவே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு சுற்ற வேண்டும். பாதி நாள் போக முடியவில்லை. கம்பியைப் பிடித்து எழுந்து நிற்க ஆரம்பித்திருந்த மனுஷனுக்குக் கால் மறுபடி விறைத்துக்கொண்டது. இப்படியே விட்டால் இனி நிற்கவே முடியாது என்று சிகிச்சை தருகிற பெண் சொல்லிவிட்டாள்.

இயக்குநர் அறைக்கு அவள் நடையாய் நடந்தாள். “விழா முடியட்டும்மா” என்று சொல்லிச் சொல்லியே உதவியாளர் வாசலோடு திருப்பி அனுப்பினார். கால் விழாவைப் பார்த்துக்கொண்டு காத்திருக்குமா?

அந்த வயிற்றெரிச்சலோடுதான் விழாவுக்குப் போனாள். வீட்டுக்காரரையும் தள்ளிக்கொண்டு, லாரிக்காரர்களிடம் ஏச்சு வாங்கிக்கொண்டு, சுற்றி வந்து சேர்ந்தாள். அவரை அரங்கின் ஓரமாக நிறுத்திவிட்டு மேடை ஏறினாள். குப்பை அள்ளவில்லை என்று எழுதிய அட்டையைக் கொடுத்திருந்தார்கள். மடித்துப் பைக்குள் போட்டாள்.

“சொல்லுங்கம்மா, உங்க குறை என்ன?” என்றான் அதிகாரியாக உட்கார்ந்திருந்த மாணவன்.

“உங்க காலேஜ் பின்கேட்டைப் பூட்டிட்டீங்க. எங்க வீட்டுக்காரருக்குக் கால் போயிட்டிருக்கு.”

அவன் தன் தாளைப் பார்த்தான். அதில் குப்பைதான் இருந்தது. திடீர்ப் பரீட்சை போலிருக்கிறது என்று நினைத்துச் சுதாரித்துக்கொண்டான். “சம்பந்தப்பட்ட துறையோட பேசி நடவடிக்கை எடுக்கிறோம்மா.”

“துறையைத் தேடிப் போக வேண்டாம். அதோ முன்வரிசையில கால்மேல கால் போட்டு உக்காந்திருக்கு, கேளு.”

அரங்கம் கொல்லென்று சிரித்தது. இயக்குநரும் சிரித்தார், எல்லோரையும்விடச் சத்தமாக.

“ஒரு பூட்டைத் திறக்க எத்தனை படிப்புப்பா படிக்கணும்? தினம் அவர் பாதத்தை மடியில வச்சு நீவி விடுறேன். கட்டையாப் போயிட்டே இருக்கு. உங்க விழாவுல நாங்க குறுக்க நடந்தா அசிங்கமா இருக்கா?” குரல் உடைந்துவிட்டது.

கைதட்டினார்கள்.

“நான் நடிக்கல” என்றாள். கைதட்டல் இன்னும் கூடியது. நடுவராக இருந்த பேராசிரியை, பொறுமையாகக் கேட்டதற்காக அந்த மாணவனுக்கு முழு மதிப்பெண் கொடுத்தார். மக்கள் குறையைக் கேட்கப் படிப்பவர்கள் இவர்கள். கண்ணெதிரே ஒருத்தி நெஞ்சு வெந்து பேசுவது தெரியாத ஜென்மங்கள்.

மேடையை விட்டு இறங்கியவளிடம் இயக்குநரே எழுந்து வந்தார். “பிரமாதம்மா. நிஜப் பிரச்சினையையே எடுத்தீங்க பாருங்க, அங்கதான் நிக்கிறீங்க. அடுத்த வருஷம் இதைப் பாடத்துலயே வச்சிடலாம்.”

“பின்கேட்டு சார்?”

“அதுக்கு ஒரு கமிட்டி போடப்போறோம்.”

இனி இவரிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது? வீட்டுக்காரரிடம் போனாள், குனிந்து காதில் ஏதோ கேட்டாள். அவர் தலையாட்டினார். நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போய், அரங்கத்துக்கு இருந்த ஒரே வாசலில் குறுக்காக நிறுத்தினாள். இரண்டு சக்கரத்தின் பிரேக்கையும் காலால் மிதித்து அழுத்தினாள். பக்கத்திலேயே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

வெளியே வந்து இறங்கியிருந்த மந்திரியோடு குழுப்படம் எடுக்க விருந்தாளிகள் எழுந்து வாசலுக்கு வந்தார்கள். இன்னும் நாடகம் முடியவில்லை என்று நினைத்த யாரோ சிரித்தார். பின்னால் நெருக்கியவர்கள் முன்னால் நின்றவர்களின் முதுகில் முட்டினார்கள். சிரிப்பு நின்றது. இயக்குநர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்.

“என்னம்மா இது, எல்லாரும் வெளிய போகணும். கொஞ்சம் தள்ளுங்க.”

“தள்ள மாட்டேன்.”

“விளையாடாதீங்க. மந்திரி காத்துக்கிட்டு இருக்காரு.”

காலையிலிருந்து வாய் திறக்காத வீட்டுக்காரர் நல்ல கையால் சக்கரத்தை இறுகப் பிடித்துக்கொண்டார். கோணிய வாயைக் கஷ்டப்பட்டு அசைத்து, ஒவ்வொரு சொல்லாக இயக்குநரிடம் கேட்டார்.

“சாவி யாருகிட்ட சார் இருக்கு?”