இன்ஸ்பெக்ஷனுக்கு வராத பிள்ளைகள்

இன்ஸ்பெக்ஷன் என்ற சொல் காதில் விழுந்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வயதாகிவிட்டது, இனியாவது கோபத்தைக் குறைத்துக்கொள் என்கிறார்கள். குறைத்துக்கொள்ளும் உத்தேசம் எனக்கு இல்லை.

எழுபதுகளின் தொடக்கத்தில் கல்கத்தாவில், காளிகாட்டில் ஒரு சந்தில் குடியிருந்தோம். கணவருக்குக் கார்டன் ரீச்சில் ரயில்வே குமாஸ்தா வேலை. மகள் பக்கத்திலேயே நகரசபைப் பள்ளியில் படித்தாள். படித்தாள் என்று சொல்வதே பொய். இரண்டாம் வகுப்பில் மூன்றாவது வருஷமாக உட்கார்ந்திருந்தாள். தமிழைவிட வங்காளி நன்றாகப் பேசுவாள், கடைக்கு அனுப்பினால் ஏமாறாமல் சாமான் வாங்கி வருவாள். எழுத்து மட்டும் பிடிபடவில்லை. இன்று கற்ற எழுத்து மறுநாள் அவளுக்குப் புதிது. “நான் எப்பம்மா மூணாங்கிளாஸ் போவேன்?” என்று நச்சரித்துக்கொண்டே இருப்பாள். தனியாக உட்காரவைத்துச் சொல்லித்தர ஒரு டீச்சர் இருந்தால் போதும். அப்படி ஒருவரைப் போடுவது நகரசபையின் கையில் இருக்கிறது என்று பள்ளியில் கையை விரித்துவிட்டார்கள்.

அந்தச் சமயத்தில்தான் தலைமை ஆசிரியை என் வீட்டு வாசலுக்கு வந்தார். அவரை ஊரே பெரிய தீதி, பெரியக்கா, என்று கூப்பிடும். அக்கம்பக்கத்துக்கெல்லாம் நான் பௌதி, அதாவது அண்ணி.

“பௌதி, நாளைக்கு நகரசபை ஆபீசர் பாபு இன்ஸ்பெக்ஷனுக்கு வர்றார். அவருக்கு மதராஸி இட்லின்னா உயிர். நீங்க கொஞ்சம் செஞ்சு கொண்டாந்தா பள்ளிக்கூடத்துக்கே மரியாதை.”

எனக்குத் தலைகால் புரியவில்லை. பரிமாறும் சாக்கில் டீச்சர் விஷயத்தை அந்த மனிதர் காதில் போட்டுவிடலாமே! அரிசியும் உளுந்தும் ஊறப்போட்டு ஆட்டினேன். வங்காளி நாக்காயிற்றே என்று தேங்காய்ச் சட்னியில் ஒரு சிட்டிகை சர்க்கரைகூடப் போட்டேன். நாசமாய்ப் போக.

மறுநாள் டிபன் கேரியரோடு போனேன். ஆபீஸ் அறையில் விசிறிக்கு நேர் கீழே ஆபீசர் உட்கார்ந்திருந்தார். வகுப்புகளைப் பார்த்து முடித்துவிட்டாராம். தட்டில் வைத்துக் கொடுத்துவிட்டு, மகளை ஒரு கண் பார்க்கலாமென்று இரண்டாம் வகுப்புக்குப் போனேன். பிள்ளைகள் பொம்மைக்கடை மாதிரி வரிசையாக இருந்தார்கள். என் பெண் இல்லை. காலையில் நானேதான் தலைவாரி அனுப்பினேன். பெருக்குகிற ஆயாவை, மாஷி என்று கூப்பிடுவோம், கேட்டேன். அவள் கண்ணாலேயே மாடிப்படியைக் காட்டினாள்.

மொட்டைமாடிக் கதவு வெளிப்பக்கம் தாழ் போட்டிருந்தது. திறந்தேன். சுள்ளென்று அடிக்கிற வெயிலில், தண்ணீர்த் தொட்டியின் ஒரு முழ நிழலில் ஆறு பிள்ளைகள் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார்கள். படிப்பு ஏறாதவர்கள், பேச்சு திக்குகிறவன், கால் இழுத்து நடக்கிறவள், வலிப்பு வருகிற ஒரு பையன். கைப்பிடிச் சுவர் என் முழங்கால் உயரம்கூட இல்லை, ஒரு மூலையில் அதுவும் இடிந்து கிடந்தது. அந்தப் பையனுக்கு அங்கே வலிப்பு வந்திருந்தால்? எனக்கு வந்த ஆத்திரத்தில் கத்தினேன். என் மகளோ உதட்டில் விரல் வைத்து என்னை அடக்கினாள்.

ஆறு பேரையும் இறக்கிக்கொண்டு போய் ஆபீசர் முன்னால் நிறுத்தினேன். அவர் மூன்றாவது இட்லியில் இருந்தார்.

“இவங்கல்லாம் யாரு?” என்றார்.

“இவங்க இன்னிக்கு லீவு, சார். வரல” என்றார் பெரிய தீதி. கூசாமல் சொன்னார், ஆறு பேரும் அவர் புடவை தொடுகிற தூரத்தில் நிற்க.

“மாடியில பூட்டி வச்சிருந்தாங்க, சார்! சுவர் இடிஞ்சு கிடக்கு. விழுந்திருந்தா யார் பொறுப்பு? இதுங்களுக்குத் தனியா ஒரு டீச்சர் வேணும்னு எத்தனை தடவை கேட்கிறது?”

ஆபீசர் விரலில் ஒட்டிய சட்னியைத் துடைத்தார். “சுவர் எஞ்சினீயர் டிபார்ட்மெண்ட். வலிப்பு ஹெல்த் டிபார்ட்மெண்ட். நான் பார்க்கிறது வந்த பிள்ளைங்களை. வராத பிள்ளைங்களை நான் எப்படிம்மா பார்க்கிறது?” என்றார். பிறகு பெரிய தீதியின் பக்கம் திரும்பி, “இட்லி பஞ்சு மாதிரி இருக்கு” என்றார்.

தட்டைப் பிடுங்கினேன். ஆமாம், பிடுங்கினேன். மிச்சமிருந்ததை அங்கேயே பிள்ளைகளுக்குக் கொடுத்தேன். இந்தப் பைத்தியக்காரி யார் என்கிற மாதிரி இருவரும் பார்த்தார்கள். பார்க்கட்டும். பிள்ளைகளைப் பாதுகாக்கவும் கவனிக்கவும் சம்பளம் வாங்குகிறவர்கள் இருவரும் அந்த அறையில் இருந்தார்கள், பைத்தியம் நானாம்.

மகளை இழுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். நெற்றியெல்லாம் சிவந்து, பாதி வழியில் அழ ஆரம்பித்தாள். வெயிலில் தலை வலிக்கிறதோ என்று நினைத்தேன்.

“சத்தம் போடாம இருந்தா மூணாங்கிளாஸ்ல போடறேன்னு பெரிய தீதி சொன்னாங்கம்மா. நாங்க யாருமே சத்தம் போடல. தண்ணி தாகமா இருந்துச்சு, அப்பவும் போடல. நீதான் வந்து கத்தினே.”

அங்கே பள்ளி வருஷம் முடிகிற டிசம்பரில் ரிசல்ட் வந்தது. மறுபடியும் இரண்டாம் வகுப்புத்தான். தாழ் போட்டவர் மேலும் அவளுக்குக் கோபமில்லை, தின்றுவிட்டுப் போனவர் மேலும் இல்லை. என்னோடுதான் பேசவில்லை.