ஓரத்தில் கிடந்த ரிப்போர்ட்டுகள்

அவனுக்கு ஆபீசிலும் வீட்டிலும் வைத்த பெயர் ‘அடுத்தவாரம்’. எந்த வேலையைக் கேட்டாலும், "அடுத்த வாரம் முடிச்சிடலாம் சார்" என்பான். உலகமே அழியப் போகிறதென்றாலும் அடுத்த வாரத்துக்குத் தள்ளி வைத்துவிடுவான், அப்படிப்பட்ட ஆள்.

முதலில் பெரிய ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர் வேலை. சோதனை ரிப்போர்ட்டுகளை இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்குத் தானாக அனுப்பும் புரோகிராம் அவன் எழுதியது. ரிப்போர்ட்டில் ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் அது முரண்டு பிடித்து நின்றுவிடும், ஆயிரம் எருமை சேர்ந்து இழுத்தாலும் நகராது. அப்படிப்பட்டவற்றை ‘ஓரம்’ என்ற ஃபோல்டரில் ஒதுக்கினான். காலையில் டீயோடு உட்கார்ந்து, ஒவ்வொன்றாகத் திறந்து, கையாலேயே அனுப்புவான். ‘தற்காலிகம், அடுத்த வாரம் சரி செய்யணும்’ என்று புரோகிராமுக்குள் குறிப்பும் எழுதினான்.

ஆறு வருஷம் கழித்து இன்சூரன்ஸ் கம்பெனி கூப்பிட்டது. போய்விட்டான். ஓரத்தைப் பற்றி யாரிடமும் மூச்சு விடவில்லை. மறந்துபோச்சு.

புது இடத்தில் அவன் முதலில் எழுதிய விதி: முப்பது நாளில் ரிப்போர்ட் வராவிட்டால் நோயாளியின் ஃபைல் தானாக மூடிக்கொள்ள வேண்டும். மேனேஜர் தோளைத் தட்டினார்.

இரண்டு வருஷம் போனது. ஒரு மதியம் அக்கா புருஷன் ஃபோன் செய்தார். அக்காவுக்கு இதய வால்வு மாற்ற வேண்டும் என்று ஒரு மாதமாகவே தெரியும்; சோதனை எடுத்தது அவனுடைய பழைய ஆஸ்பத்திரியில்.

"மச்சான், உங்க கம்பெனி ஃபைலை மூடிடுச்சாம். இன்சூரன்ஸ் அனுமதி இல்லாம ஆபரேஷன் பண்ண முடியாதுங்கறாங்க. ரிப்போர்ட் வரலையாம். நாங்க அன்னிக்கே குடுத்தோமே!"

பின்னாலிருந்து அக்கா மூச்சிரைத்தபடியே கத்தினாள்: "டேய் அடுத்தவாரம், நீ உள்ள உக்காந்துக்கிட்டு கொசு அடிக்கிறியா?"

"பேசாதேக்கா, மூச்சு வாங்குது உனக்கு. இப்பவே பாக்கறேன்."

அந்தப் பழைய ஆஸ்பத்திரிக்கு ஓடினான். அவன் நாற்காலியில் இப்போது ஒரு பெண்.

"ஓரம்னு ஒரு ஃபோல்டர் இருக்கும்மா. திற."

"அதுவா சார்? குப்பைன்னு நெனச்சோம்."

திறந்தாள். நாலாயிரத்துச் சொச்சம் ரிப்போர்ட்டுகள். அக்காவுடையதும் இருந்தது. ஃபோன் நம்பர் கட்டம் காலி. அக்கா தன் நம்பரை ஒருநாளும் மனப்பாடம் செய்ததில்லை.

நம்பரை அடித்து அனுப்பினான். தன் ஆபீசுக்குப் பேசி, கெஞ்சி, மூடிய ஃபைலைத் திறக்க வைத்தான். மூன்றாம் நாள் அனுமதி வந்தது. சந்தோஷத்தில் அத்தானைக் கூப்பிட்டான்.

"வேணாம் மச்சான்," என்றார் அவர். குரலே இல்லை. "இதயம் ரொம்பத் தளந்துடுச்சாம். இனிமே கத்தி வெச்சா தாங்காதுங்கறார் டாக்டர். போன மாசமே பண்ணியிருந்தா..."

 

அக்காவைப் பார்த்துவிட்டு மறுநாள் லீவு போட்டு அந்தப் பெண்ணின் பக்கத்தில் போய் உட்கார்ந்தான்.

"சார், இவ்ளோவையும் எப்ப முடிக்கிறது?"

பதில் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினான்.

"முதல் ஃபைலைத் திறம்மா," என்றான். "உசிரோட இருக்காங்களான்னு ஃபோன் போட்டுக் கேளு."