கடன் வாங்கிய தெத்துப்பல்

என் முகம் சும்மா இருக்கும்போது வீட்டில் ஏதோ துக்கம் நடந்த மாதிரி இருக்கும். இதை நான் சொல்லவில்லை, டவுன்ஷிப்பே சொன்னது. சுரங்கத்தில் நிலக்கரி கொண்டுபோகும் கன்வேயர் பெல்ட் கன்ட்ரோல் ரூமில் எனக்கு வேலை. அடுத்த ஷிப்ட்டுக்கு வருகிறவர் கதவைத் திறந்து என்னைப் பார்த்ததும் முதலில் கேட்பது, "எந்த பெல்ட் சார் நின்னுபோச்சு?" எல்லா பெல்ட்டும் ஓடிக்கொண்டிருக்கும். நான் டீ குடித்துக்கொண்டு, உள்ளதைச் சொன்னால், நல்ல சந்தோஷத்தில் இருப்பேன். "ஒண்ணும் நிக்கல" என்பேன். அவர் நம்பாமல் போர்டில் எரியும் விளக்குகளை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவார்.

பாதுகாப்பு வாரத்தில் நாடகம் போடுவார்கள். விபத்தில் மகனைப் பறிகொடுத்த தகப்பன் வேஷம் வருஷா வருஷம் எனக்குத்தான். வசனம் கிடையாது, ஒத்திகை கிடையாது. மேடையில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார வைப்பார்கள். முன்வரிசைப் பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். ஒரு தடவை புதிதாக வந்த மேலதிகாரி நாடகம் முடிந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பையனுக்கு என்ன வயசு இருக்கும்?" என்று கேட்டார். எனக்குப் பையனே இல்லை, ஒரே பெண், கோயம்புத்தூரில் சௌக்கியமாக இருக்கிறாள். அதைச் சொன்ன பிறகும் அவர் கையை விடவில்லை.

எனக்குச் சிரிப்பு வராமல் இல்லை. உள்ளே வரும். அது முகத்துக்கு வந்து சேர்வதற்குள் பேச்சு வேறு எங்கோ போயிருக்கும். இதை விளக்கப் போனால், "பாருங்க, இதையும் எவ்ளோ சீரியஸா சொல்றாரு" என்பார்கள். விளக்குவதை விட்டுவிட்டேன். சந்தோஷமாக இருக்கிறவன் அதற்கு அத்தாட்சி காட்டிக்கொண்டே திரிய வேண்டும் என்று யார் சட்டம் போட்டது? நான் என்ன பற்பசை விளம்பரத்திலா இருக்கிறேன்?

என் மனைவியின் கஷ்டம் வேறு. அவளுக்குப் பிறந்த ஊர் குறிஞ்சிப்பாடி. அங்கே அவள் சொந்தக்காரர்கள் எங்கள் கல்யாணத்தன்று தொடங்கிய பேச்சை இன்னும் நிறுத்தவில்லை. "இவளக் கட்டிகினு அந்த மனுசன் ஒரு நாளாச்சும் சிரிச்சிப் பாத்திருக்கியா?" என்பதுதான் அது. அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை. கல்யாண ஆல்பத்தில் தாலி கட்டும் படத்தைப் பார்த்தால், பின்னால் யாரோ அரிவாளோடு நிற்கிற மாதிரிதான் நான் இருப்பேன். அதனால் குவார்ட்டர்ஸ் வாசலுக்கு யார் வந்தாலும் அவள்தான் முன்னால் ஓடுவாள். வாயெல்லாம் பல்லாக "வாங்க வாங்க" என்பாள். நான் பின்னால் நின்று தலையை ஆட்டுவேன். கலகலப்பான பெண் கிடைத்தாள், நம் குறை தெரியாமல் போகிறது என்று நிம்மதியாக இருந்தேன்.

நான் ஓய்வு பெறும் மாதம் வந்தது. எங்கள் டவுன்ஷிப்பில் ரிட்டயர்மென்ட் என்பது கல்யாணத்துக்கு ஒரு படி கீழே, காதுகுத்துக்கு இரண்டு படி மேலே. மாதக் கடைசி நாளில் ஷிப்ட் ஆட்கள் மாலையும் சால்வையும் போட்டு, வண்டியில் ஏற்றி, மேளத்தோடும் வெடியோடும் வீட்டு வாசல்வரை கொண்டுவந்து மனைவியிடம் ஒப்படைப்பார்கள். பிளாக் முனையில் ஃப்ளெக்ஸ் கட்டுவார்கள். அந்த மாதம் ஒரு நாள், சாப்பாடு போட்டுக்கொண்டே அவள் சொன்னாள்.

"என்னங்க, எனக்கு ஒண்ணே ஒண்ணு வேணும். அன்னிக்கி மாலையோட நம்ம ரெண்டு பேரும் ஒரு போட்டோ. அதுல நீங்க சிரிக்கணும். குறிஞ்சிப்பாடில நாம கட்டியிருக்குற வூட்டு ஹால்ல மாட்டணும்ங்க. வரவங்க பாக்கட்டும், நீங்க எங்கூட நல்லாதான் இருந்தீங்கன்னு."

கிண்டல் செய்ய வாயெடுத்தேன். அவள் கண் கலங்கியிருந்தது. சரி என்றேன்.

மறுநாளிலிருந்து பயிற்சி ஆரம்பமானது. கண்ணாடி முன்னால் உதட்டை இரண்டு பக்கமும் இழுத்துப் பிடித்தேன். அவள் பக்கத்தில் நின்று, "கண்ணும் சிரிக்கணும்ங்க" என்றாள். கண்ணைச் சிரிக்க வைத்தால் வாய் மூடிக்கொண்டது. வாயைத் திறந்தால் புருவம் ஏறியது. சரி, வெளிச்சத்தில் செய்து பார்ப்போம் என்று தோட்டத்துப் பக்கம் வந்து முயற்சி செய்தேன். எதிர் குவார்ட்டர்ஸ் அம்மா வேலிக்கு அந்தப் பக்கமிருந்து பார்த்துவிட்டு உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் ஒரு கிண்ணத்தில் கிராம்பு கொண்டுவந்து கொடுத்து, "ராவுக்கு அடக்கிகினு படுத்தீங்கன்னா வலி கொறைஞ்சிடும்ங்க" என்றார்.

அந்த அம்மாவின் கணவர் என் ஷிப்ட்டில்தான் வேலை பார்த்தார். எனக்கு நேர்மாறான ஆள். பெல்ட் அறுந்துபோனால்கூடச் சிரித்துக்கொண்டே போன் செய்வார். மேல்வரிசையில் அவருக்கு ஒரு தெத்துப்பல் உண்டு. அது எப்போதும் வெளியில்தான் இருக்கும்.

கடைசி நாள் காலையில் வேலைக்குக் கிளம்பினேன். பிளாக் முனையில் என்னைவிட உயரமாக ஃப்ளெக்ஸ் நின்றது. நெற்றி என்னுடையது, மூக்கு என்னுடையது, அடையாள அட்டைப் படத்தில் போட்டிருந்த சட்டையும் என்னுடையது. வாய் மட்டும் விரியத் திறந்து சிரித்துக்கொண்டிருந்தது. அதில் ஒரு தெத்துப்பல்.

எனக்குத் தெத்துப்பல் கிடையாது.

கீழே ஒரு சின்னக் கூட்டம். இத்தனை வருஷம் என்னிடம் ஒரு வார்த்தை பேசாத மனிதர் ஒருவர் ஃப்ளெக்ஸைப் பார்த்துப் பதிலுக்குச் சிரித்துவிட்டு, என் பக்கம் திரும்பி, "நேர்லதான் சார் ஒரு மாதிரி இருக்கீங்க" என்றார். எதிர் குவார்ட்டர்ஸ் அம்மா பால் பாக்கெட்டோடு வந்து நின்றார். அண்ணாந்து பார்த்தார். "ஐயையோ, இது எங்க வூட்டுக்காரரு பல்லாச்சே!" என்றார்.

விசாரித்ததில் விஷயம் தெரிந்தது. ஃப்ளெக்ஸ் அடித்த ஸ்டூடியோக்காரருக்கு என் ஷிப்ட் ஆட்கள் என் படங்களையெல்லாம் அனுப்பியிருக்கிறார்கள். எதிலும் பல் இல்லை. "ஃபேர்வெல் ஃப்ளெக்ஸ்ல இப்படி மொறைச்சிகினு இருந்தா நல்லாவா இருக்கும்? குரூப் போட்டோல பக்கத்துல நின்னவரு சிரிப்பு நல்லா இருந்திச்சி, எடுத்து வச்சிட்டேன்" என்றார். பல்லுக்குச் சொந்தக்காரர் கோபப்படவில்லை. வழக்கம்போலச் சிரித்தார். "இருக்கட்டும் சார், நீங்களே வச்சிக்கங்க" என்றார்.

மாலையில் மேளத்தோடு கொண்டுவந்து இறக்கினார்கள். வாசலில் என் மனைவி பட்டுப்புடவையில், எல்லோரையும் பார்த்துச் சிரித்தபடி ஆரத்தித் தட்டோடு நின்றாள். இரண்டு நாற்காலி போட்டு எங்களை மாலையோடு உட்கார வைத்தார்கள். ஸ்டூடியோக்காரர் கேமராவைத் தூக்கினார்.

"சார், சிரிங்க."

நான் சிரித்தேன். கூட்டத்தில் யாரோ தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்கள்.

"ஃப்ளெக்ஸ்ல இருக்குற மாதிரி சார்!" என்று ஒரு குரல். மேளக்காரர்கள் உற்சாகப்படுத்துவதாக நினைத்து வேகமாக அடித்தார்கள். எனக்கு வியர்த்துக் கொட்டியது. இவள் கேட்டது இந்த ஒன்றுதான், அதுகூட என்னால் முடியவில்லையே என்று அழுகை வந்தது. அழுகையும் முகத்துக்கு வந்து சேரவில்லை.

ஸ்டூடியோக்காரர் கேமராவை இறக்கினார். "சார் கஷ்டப்பட வேணாம். அப்படியே உக்காருங்க. பல்லு கம்ப்யூட்டர்ல இருக்கு, ஒட்டிக்கலாம்."

எல்லோருக்கும் அப்பாடா என்றிருந்தது. எதிர் குவார்ட்டர்ஸ்காரர் பெருந்தன்மையாகத் தலையை ஆட்டினார். நானும் சரி என்று சொல்லப்போனேன்.

"வேணாம்" என்றாள் என் மனைவி. "அடுத்த வூட்டுக்காரரு பல்லோட நான் குடும்பம் நடத்தல."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். துடைத்ததில் சிரிப்பும் போயிருந்தது. கன்னம் இறங்கி, உதடு நேராகி, என் பக்கத்தில் வேறு யாரோ உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தது.

"அம்மா, என்னம்மா நீங்களும்? ஒருத்தராச்சும் சிரிக்க வேணாமா?" என்றார் ஸ்டூடியோக்காரர்.

"நான் சிரிக்கிற ஆளே இல்ல தம்பி. கல்யாணத்துக்கு மின்னாடி எங்க வூட்டுல என்னை உம்மணாமூஞ்சின்னுதான் கூப்புடுவாங்க. இவரு மூஞ்சியப் பாத்துட்டு யாரும் தப்பா நெனைக்கக் கூடாதேன்னு ரெண்டு பேருக்கும் சேத்து நானே சிரிச்சிகினு இருந்தேன். கன்னமெல்லாம் வலிக்குது. இன்னியோட எனக்கும் ரிட்டயர்மென்ட். எடுங்க."

மேளம் நின்றுபோனது. அவர் எடுத்தார். படத்தில் இரண்டு பேரும் மாலையோடு, ஏதோ தீர்ப்பைக் கேட்க வந்தவர்கள் மாதிரி உட்கார்ந்திருக்கிறோம்.

அன்றைக்குத்தான் நான் அவள் முகத்தைப் பார்த்தேன். என்னுடையதைவிடக் கடுமையான முகம். எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது, அதே அளவுக்கு வருத்தமாகவும் இருந்தது. சுரங்கத்தில் எனக்கு வாரத்துக்கு ஒரு நாள் ஓய்வு உண்டு. அவளுக்கு அதுவும் இருந்ததில்லை.