டாக்டர் செபமாலையின் நடை

செய்தி வந்தபோது அவரோடு நடக்கத்தான் கிளம்பிக்கொண்டிருந்தேன். ஒரு காலில் ஷூ மாட்டியாகிவிட்டது. மகள் போனைக் காதிலிருந்து எடுத்து, "அப்பா, டாக்டர் அங்கிள் தூக்கத்துலயே போயிட்டாராம்" என்றாள். என்ன செய்வதென்று தெரியாமல் மற்ற ஷூவையும் மாட்டிக்கொண்டேன்.

யாழ்ப்பாணத்தில் பிறந்து, ஹூஸ்டனில் எலும்பு மருத்துவராக இருந்து, அதன் புறநகரான கேட்டியில் ஓய்வுக்காலத்தைக் கழித்த டாக்டர் செபமாலையை உங்களில் பலருக்குத் தெரியும். பலருடைய முழங்காலை அவருக்குத் தெரியும். நான் அறிந்தவர், எங்கள் குடியிருப்புக் குளத்தைச் சுற்றி ரோமானியரைப் பற்றிப் பேசியபடி நடந்தவர். இடது காலைச் சற்று இழுப்பார். டக் என்று ஒரு காலடி, சர்ரென்று அடுத்தது.

ஆடு மேய்த்த ஒரு சின்னக் கூட்டம் எப்படி மத்தியதரைக் கடல் முழுவதையும் ஆண்டது என்று ஒருநாள் பேச்சு வந்தது. படை, சாலை, சட்டம் என்று படித்ததை ஒப்பித்தேன். அவர் நின்றுவிட்டார்.

"அதெல்லாம் பிறகு, காணும். முதல்ல அலுமாரி."

ரோமானியப் பெரிய வீடுகளின் முன்கூடத்தில் ஓர் அலுமாரி இருக்கும்; அதற்குள் இறந்துபோன முன்னோரின் முகங்கள், மெழுகில் வார்த்து, வரிசையாக. பிள்ளைகள் அவற்றைப் பார்த்தே வளர்வார்கள். "உவங்கள் வெண்டு வெண்டு பெரிசானவங்கள் இல்லை. தோத்துத் தோத்து நிண்டவங்கள். கப்பல் எல்லாம் கடலுக்குள்ள தாண்டு போனாலும் திரும்பக் கட்டுவாங்கள். ஏன்? எதிரியோட சமாதானம் பேசிப்போட்டு வீட்டை வந்தா, அலுமாரிக்குள்ள இருந்து அப்பு பாப்பார்."

நூலகத்தில் சரிபார்த்தேன். உயர்பதவி வகித்த குடும்பங்களுக்கே அந்த முகங்கள் உண்டு என்றிருந்தது. தயங்கித்தான் சொன்னேன். "நீர் ஒரு ஆள்! கடவுள் வந்தாலும் ஐடி கார்ட் கேப்பீர்" என்றார்.

வீட்டில் ஒருவர் இறந்தால் அந்த முகங்களை ஆட்கள் அணிந்துகொண்டு ஊர்வலத்தில் வருவார்கள். அன்று இறந்தவருக்கும் ஓர் ஆள் உண்டு. அவரைப் போலவே பேசி, அவரைப் போலவே நடப்பான். "செத்தவன் தன்ர செத்தவீட்டுக்குத் தானே நடந்து வருவான்" என்று சிரித்தார் டாக்டர். பிறகு சிரிப்பில்லாமல், "என்ர செத்தவீட்டில நீர் நடவும். முகம் வேண்டாம். நடை மட்டும் போதும்" என்றார்.

"நானா? எதுக்கு டாக்டர்?"

"ரெஜினாவுக்கு."

அவர் மனைவி ரெஜினா அக்காவுக்குச் சர்க்கரை நோயால் பார்வை போய்ப் பல காலமாகிறது. காலடியை வைத்துத்தான் ஆளை அறிவார். என் ரப்பர் ஷூ வாசலை மிதித்ததும், "பூனை வந்திட்டுது" என்பார். "பெட்டியை அவ பாக்கேலாது" என்றார் டாக்டர். "நான் ஒருக்கா வந்து போனாத்தான், போயிட்டன் எண்டு நம்புவா."

அன்றிலிருந்து குளக்கரையில் பயிற்சி. "இடுப்பைத் திருப்பாதேயும். காலை இழுக்காதேயும், அது தானா வரட்டும்." நாயோடு போகிறவர்கள் புன்னகைத்தார்கள். எனக்கு வரவேயில்லை. "உமக்கு வெக்கம் காலிலயும் இருக்கு" என்று அலுத்துக்கொண்டார்.

தேவாலயத்துக்குப் போனபோது, நடப்பதில்லை என்று முடிவு செய்திருந்தேன். பாதிரியார், கலிஃபோர்னியாவிலிருந்து வந்த மகன்கள், இத்தனை பேர் முன்னால் ஒரு முதியவன் நொண்டிக் காட்டுவதா? அக்கா புண்பட்டால்? அவர் அதுவரை அழவில்லை என்றும், சமையலறையில் இரண்டு தட்டு வைக்கச் சொல்கிறார் என்றும் மூத்த மகன் சொன்னான். அப்போதும் எனக்குத் துணிவு வரவில்லை.

எல்லோரும் பெட்டியருகே போய் வந்தபின் கடைசியாக எழுந்தேன். மகள் வாங்கித் தந்த தோல் ஷூ, கல் தரை. டக். சர்ர். குனிந்து பார்த்தேன். நான் எதையும் தொடங்கியிருக்கவில்லை. காலை நேராக எடுத்து வைத்தேன். டக். சர்ர்.

முன்வரிசையில் ரெஜினா அக்காவின் தலை திரும்பியது.

"வந்திட்டீங்களோ?"

மகன் அவர் தோளைப் பிடித்து, "மம், இட்ஸ் அங்கிள்" என்றான்.

"அது எனக்குத் தெரியாதோ?" என்றார் அக்கா.

நான் நிற்க நினைத்தேன், கால் நிற்கவில்லை. பெட்டியருகே போனதும் அதுவாகவே நின்றது. அக்கா காதைச் சாய்த்து வெகுநேரம் காத்திருந்தார். பிறகு, "சரி. போயிட்டு வாங்கோ" என்று சொல்லி, அன்றுதான் முதன்முறையாக அழுதார்.

வீட்டுக்கு வந்து ஷூவைத் திருப்பிப் பார்த்தேன். அடிப்பாகம் சமமாகவே இருந்தது. மறுநாள் ரப்பர் ஷூவுக்கே மாறினேன். மகள் கேட்டாள்: "ஏன்ப்பா லெஃப்ட் கால இழுக்கறீங்க? அப்பாயின்ட்மென்ட் போடட்டுமா?" வலி இல்லை என்றேன். உண்மையாகவே இல்லை. என் பழைய நடை எப்படி இருந்தது என்று நினைவுபடுத்திப் பார்க்கிறேன், பிடிபடவில்லை.

எங்கள் வீட்டில் முகங்கள் வைக்க அலுமாரி இல்லை. டாக்டர் செபமாலையிடமிருந்து எனக்கு மிஞ்சியது என் இடது காலில் இருக்கிறது. அதோடுதான் மாலையில் ரெஜினா அக்காவைப் பார்க்கப் போகிறேன். இப்போது அவர் பூனை என்று சொல்வதில்லை. வாசலில் கொஞ்சம் காதுகொடுத்துவிட்டு, "இருங்கோ ரெண்டு பேரும்" என்கிறார். டாக்டரின் நாற்காலியை விட்டுவிட்டு, அதற்கு அடுத்ததில் உட்காருகிறேன்.