கூரைக்காக ஒரு கச்சேரி

மே மாதக் கடைசியில் திருவண்ணாமலையில் அடி அண்ணாமலைப் பக்கம் சூறைக்காற்று அடித்து ஏழெட்டு வீடுகளின் தகரக் கூரையைப் பிய்த்துக்கொண்டு போனது. மறுநாளே படங்கள் எல்லோர் போனிலும் வந்துவிட்டன. ஊரே பரிதாபப்பட்டது. பார்வர்டு செய்வதுதான் பரிதாபம் என்றால், நானும் மூன்று பேருக்குப் பரிதாபப்பட்டேன்.

செங்கம் சாலையில் விடுதி நடத்துகிற ஒருவர் எனக்குப் பழக்கம். நான் அரசுப் பள்ளியில் ஆங்கிலம் நடத்துகிறவன் என்பதால், அவருடைய வெளிநாட்டு விருந்தாளிகளுக்கு மொழிபெயர்க்க அவ்வப்போது கூப்பிடுவார். அந்த வாரமும் கூப்பிட்டார்.

"கூரை போனவங்களுக்காக ஒரு மியூசிக் புரோகிராம் வைக்கறோம் சார். வெயிலுக்குப் பயந்து பாதி வெள்ளைக்காரங்க போயிட்டாங்க. மிச்சம் இருக்கறவங்க கிளம்பறதுக்குள்ள வச்சுடணும்."

சாயங்காலம் விடுதித் தோட்டத்தில் கச்சேரி. தாடி வைத்த வெளிநாட்டுக்காரர் புல்லாங்குழல், சென்னையிலிருந்து வந்தவர் கிதார், உள்ளூர்க்காரர் ஒருவர் தவில். தவில்காரரிடம் மட்டும் என்ன வாசிப்பது என்று யாரும் சொல்லவில்லை.

வீட்டை இழந்த ஐந்து பெண்களை, கூட்டம் நன்றாகப் பார்க்கும்படி மேடை ஓரத்தில் உட்கார வைத்திருந்தார்கள். ஒரு அம்மா பட்டுப்புடவை கட்டி, தலை நிறைய மல்லிகை வைத்து வந்திருந்தார். விடுதிக்காரர் என் காதில் முணுமுணுத்தார். "கொஞ்சம் பழசா கட்டினு வந்திருக்கலாம்."

அந்தப் புழுக்கத்தில் ஐவருக்கும் பொன்னாடை போர்த்தினார்கள். கைதட்டினார்கள். பிறகு இரண்டு மணி நேரம் இசை. எல்லாம் முடியும்போது பட்டுப்புடவை அம்மாவிடம் மைக்கைக் கொடுத்து, மனதில் பட்டதைச் சொல்லச் சொன்னார்கள். அவரும் அப்படியே சொன்னார்.

"பாட்டு நல்லாத்தான் இருந்திச்சு. கூரைக்கு ஷீட்டு குடுக்கறோம்னு கூட்டினு வந்தீங்க. மூணு மணியிலேருந்து உக்காந்துக்கினு இருக்கோம். ஷீட்டு எப்போ வரும்?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். விடுதிக்காரர் கொஞ்சம் அதிகமாகவே பார்த்தார். இந்த இசை தன் மனக்காயத்தை ஆற்றிவிட்டதாக அந்த அம்மா சொல்கிறார் என்று நான் மைக்கை வாங்கி ஆங்கிலத்தில் சொன்னேன். கண்களைத் துடைத்துக்கொண்டு கைதட்டினார்கள்.

அந்த அம்மா பத்து வருடம் விடுதிகளில் அறை சுத்தம் செய்தவர் என்பது எனக்குத் தெரியாது. என் கையிலிருந்து மைக்கை நிதானமாக வாங்கினார்.

"நோ. ஹீ டெல்லிங் ராங். ரூஃப் ஷீட். வென் கிவ்?"

முன்வரிசையில் ஒரு வயதான வெள்ளைக்காரப் பெண்மணிதான் முதலில் சிரித்தார். விடுதிக்காரர், "வாசிங்க, வாசிங்க" என்று கையைக் காட்டினார். தவில்காரர் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்தார். அதற்குள் கூட்டம் விடுதிக்காரரைச் சூழ்ந்து, எப்போது, எத்தனை என்று கேட்க ஆரம்பித்துவிட்டது. அவர் வேறு வழியில்லாமல் "டுமாரோ" என்றார்.

மறுநாள் வரவில்லை, நான்காம் நாள்தான் ஷீட்டு வந்தது. ஒவ்வொரு தகட்டிலும் சிவப்புப் பெயின்டில் விடுதியின் பெயர், கிரிவலம் போகிறவர்கள் படிக்கிற அளவுக்குப் பெரிதாக.

அடுத்த பௌர்ணமிக்குக் கிரிவலப் பாதையில் நடந்தபோது, அந்த அம்மா எலுமிச்சை ஜூஸ் விற்றுக்கொண்டிருந்தார். தயங்கி நின்று, கூரை போட்டாயிற்றா என்று கேட்டேன்.

"போட்டாச்சு சார். எழுத்து உள்பக்கமா வர்ற மாதிரி திருப்பிப் போட்டுட்டேன். படுத்தா அவர் ஓட்டல் பேருதான் தெரியுது, நான் மட்டும் படிச்சுக்கறேன்." ஜூஸை நீட்டினார். "நீங்க எந்த ஸ்கூல்ல சார் இங்கிலீஷ் சொல்லித் தர்றீங்க?"

சொன்னேன். "பாவம் புள்ளைங்க" என்றார்.

இந்த வருடமும் கோடை முடியும் சமயத்தில் விடுதிக்காரர் போன் செய்தார். மறுபடியும் கச்சேரியாம்.

"இந்த வாட்டி பறவைங்களுக்குத் தண்ணித் தொட்டி வைக்கறோம் சார். அதுங்க மைக்கெல்லாம் கேக்காது."

வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.