ஆமத்தூர்க் குழாயும் என் எம்.பி.ஏ. பாடமும்

பட்டாசுக் கம்பெனியில் சரக்கு வாங்கும் வேலையில் இருப்பவனுக்குத் திட்டு இரண்டு வகை: சரக்கு வராவிட்டால் ஒன்று, வந்துவிட்டால் 'விலை ஏன் கூட?' என்று இன்னொன்று. காகிதக் குழாய் ஓரிடம், லேபிள் ஓரிடம், அட்டைப்பெட்டி ஓரிடம் என்று வாங்கிச் சேர்த்தால்தான் ஒரு ராக்கெட் மேலே போகும்.

இரண்டாயிரத்துக்குப் பிந்திய வருடங்களில், மதுரையில் எம்.பி.ஏ. முடித்த கையோடு சிவகாசிப் பக்கம் இந்த வேலையில் சேர்ந்தேன். ஒரு நிறுவனம் இன்னொரு நிறுவனத்தோடு எப்படிப் பழக வேண்டும் என்ற கோட்பாடுகளெல்லாம் அப்போது தலைக்குள் சூடாக இருந்தன. இதே வேலையில் அல்லாடுகிறவர்களுக்கு இனிச் சொல்லப்போவது நன்றாகவே புரியும்.

ஒருவரையே சார்ந்திருக்காதே

எங்களுக்குக் குழாய் சுற்றித் தந்தவர் ஆமத்தூர் பாண்டியம்மாள். சொந்தமாகப் பட்டறை வைத்திருந்தார். எங்கள் ஆர்டர் மொத்தமும் அவருக்குத்தான். ஒருவரையே சார்ந்திருந்தால் அவர் பிடியில் சிக்கிக்கொள்வோம் என்பது பாடம். எனவே பாதி ஆர்டரை ஏழாயிரம்பண்ணையில் வேறொருவருக்குக் கொடுத்தேன்.

ஒரே வாரத்தில் பாண்டியம்மாள் ஆபீசுக்கு வந்துவிட்டார். சண்டைக்குத்தான் வருகிறார் என்று நினைத்து, காபிக்குச் சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தேன். அவரோ நிதானமாகக் காபியைக் குடித்து முடித்துவிட்டுச் சொன்னார்:

"நல்லதாப் போச்சு தம்பி. உங்களை விட்டா எனக்கும் வேற கதியில்லையேன்னு பயந்துக்கிட்டே கெடந்தேன். இனி நானும் கூசாம இன்னொரு கம்பெனியப் பாப்பேன்ல."

எல்லாவற்றையும் எழுதி வாங்கு

லேபிள் அடித்துத் தந்த அச்சக அண்ணாச்சியிடம் ஓர் ஒப்பந்தம் போட்டேன். எதிராளி எங்கெல்லாம் நழுவக்கூடும் என்று முன்கூட்டியே யோசித்து எழுத வேண்டும் என்பது பாடம். தாமதமானால் என்ன, நிறம் மாறினால் என்ன என்று எல்லாம் எழுதினேன். நேரமில்லை என்று அவர் சாக்குச் சொல்லக் கூடாதென்று, படத்தை மாற்றுவதென்றால் நாங்கள் ஒரு மாதம் முன்பே சொல்ல வேண்டும் என்றும் எழுதினேன். அண்ணாச்சியும் கையெழுத்துப் போட்டார்.

சீசன் நடுவில் எங்கள் முதலாளிக்கு லேபிளில் இருந்த மயில் பிடிக்காமல் போய்விட்டது. சிங்கம் வேண்டும், அதுவும் அந்த வாரமே வேண்டும் என்றார். அண்ணாச்சி நழுவாமல் இருக்க நான் கட்டிய வேலியில் நானே மாட்டிக்கொண்டேன். தயங்கித் தயங்கி அச்சகத்துக்குப் போய் நின்றேன். அவர் என் இரண்டு கையையும் ஒரு பார்வை பார்த்தார்.

"அந்த ஒப்பந்தத்தக் கொண்டு வரலேல்ல? அப்ப உக்காருங்க, பேசலாம். சிங்கம் எந்தப் பக்கம் பாக்கணும்?"

கண்காணிக்க ஆள் போடு

நமக்கு வேலை செய்து கொடுப்பவர் தன் லாபத்தைத்தான் முதலில் பார்ப்பார், அதனால் அவர்மேல் ஒரு கண் வேண்டும் என்பது இன்னொரு பாடம். குழாயின் தரம் பார்க்க எங்கள் ஆள் மாரியப்பனை ஆமத்தூர்ப் பட்டறைக்கு அனுப்பினேன். கெட்டிக்காரர். காலையில் பட்டறையைத் திறக்கும்போதே போய் நின்றுவிடுவார்.

இரண்டு மாதத்தில், தரமில்லை என்று கழித்துப்போடும் குழாய் பெருமளவு குறைந்தது. எனக்கும் நிம்மதி. ஒருநாள் வந்த லோடில் ஒரு மூட்டையை மட்டும் எங்கள் பாக்டரியில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். உடனே மாரியப்பனிடமிருந்து கோபமாக ஒரு போன்.

"சார், உங்காளுக சும்மா சும்மா குறை சொல்லுதாக. நம்ம குழாய்ல என்ன கோளாறுன்னு இங்கன வந்து காட்டச் சொல்லுங்க."

காற்றும் மழையும்

தீபாவளி நெருங்கும் நேரம். திடீரென்று அடித்த காற்று மழையில் ஏழாயிரம்பண்ணைக்காரரின் கூரை பறந்து, குழாய் மொத்தமும் நனைந்து கூழாகிவிட்டது. யாருக்கும் அடிபடவில்லை என்ற அளவில் நிம்மதி. ஆனால் பாண்டியம்மாள் தந்த பாதியையும் சேர்த்து எங்களிடம் இருந்த குழாய் அன்றைய வேலைக்கு மட்டும்தான் போதும். மறுநாள் பாக்டரி வேலைக்கு வேன்களில் வந்து இறங்கும் பெண்களை வேலையில்லை என்று திருப்பி அனுப்ப வேண்டியதுதான். சீசனில் ஒருநாள் கூலி போனால் அவர்கள் வீட்டில் தீபாவளி என்ன ஆகும்?

ஆமத்தூருக்கு ஓடினேன். பட்டறை நிறையக் குழாய் அடுக்கியிருந்தது. எல்லாம் பாண்டியம்மாள் புதிதாகப் பிடித்த கம்பெனிக்கு உரியது. எங்களோடு போட்டி போடும் கம்பெனி அது. பாதி ஆர்டரைப் பிடுங்கியவன் எந்த முகத்தோடு கேட்பது என்று விழித்தேன். நான் வாயைத் திறக்குமுன் அவரே போனை எடுத்து அந்தக் கம்பெனிக்காரரிடம் பேசினார். அவருக்கு அட்டைப்பெட்டி வராமல் வேலை நின்றிருந்ததாம். குழாயை ஒரு வாரம் கழித்து எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டார்.

லோடு ஏறத் தொடங்கியதும் அங்கேயே ஒரு சாக்கு மூட்டைமேல் உட்கார்ந்தேன். பாண்டியம்மாள் ஒரு சொம்பு தண்ணீரை நீட்டினார்.

"போன வருசம் மாதிரி உங்களுக்கு மட்டும் சுத்திக்கிட்டுக் கெடந்தேன்னா, இன்னைக்கு உங்களுக்குக் குடுக்க எங்கிட்ட இம்புட்டுக் குழா இருந்திருக்காது தம்பி."

பாடப்புத்தகத்தில் இதற்கெல்லாம் விநியோகச் சங்கிலி என்று பெயர்; அதில் ஒரு கண்ணியாக நான் பார்த்த உத்தியோகம், எல்லாரும் ஒரே நேரத்தில் இழுக்கும்போது அறுந்துவிடாமல் இருந்தது மட்டும்தான்.